கப்பல் ஏறும் முன் ஒரு நாள்: சென்னையில் எப்படித் திட்டமிடுவது?

என் சித்தப்பா குடும்பம் திருநெல்வேலியில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் மதியமே சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறுவதாகத் திட்டம் போட்டார்கள். காலை 7 மணிக்கு வர வேண்டிய பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மாற்று பஸ் வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மதியம் 12.45. செக்-இன் முடிய 20 நிமிஷம் இருக்கும்போது முனையத்துக்குள் ஓடினார்கள். ஓடிய பதற்றத்தில் எல்லாப் பெட்டிகளையும் கவுன்டரில் கொடுத்துவிட்டார்கள். சித்தியின் சர்க்கரை மாத்திரை அதில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டி அறைக்கு வந்து சேர இரவு ஆகிவிட்டது. அதுவரை சித்தி சாப்பாட்டு மேசையில் சாப்பிடாமலேயே உட்கார்ந்திருந்தார்.

கப்பல் கிடைத்துவிட்டது, நல்ல வேளை. ஆனால் மாசக்கணக்கில் சேர்த்த பணம், எடுத்த லீவு, பிள்ளைகளின் ஆசை எல்லாம் அந்த 20 நிமிஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் இருந்து உல்லாசக் கப்பல் சுற்றுலா 2022 ஜூன் மாதம் தொடங்கியது. அதன் பிறகு குறிப்பிட்ட பருவங்களில் கடலில் சுற்றித் திரும்பும் பயணம், விசாகப்பட்டினம், இலங்கை எனப் பல வழிகளில் கப்பல்கள் போய் வந்திருக்கின்றன. மாவட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்கு கப்பல் பயணம் எவ்வளவு புதிதோ, அதற்கு முந்தைய சென்னைத் தங்கலும் அவ்வளவு புதிது. அதை எப்படித் திட்டமிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம், வாங்க.

பாடம் 1: கப்பல் நேரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பயணம் என்றாலே நாம் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் இருந்துதான் கணக்குப் போடுவோம். கப்பலுக்கு அதைத் திருப்பிப் போடுங்கள். டிக்கெட்டில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று கப்பல் புறப்படும் நேரம். இன்னொன்று செக்-இன் முடியும் நேரம். உங்களுக்கு முக்கியமானது இரண்டாவது. கப்பல் கண்ணெதிரே நின்றாலும், செக்-இன் மூடிய பிறகு ஏற முடியாது. தாமதமாக வந்து கப்பலைத் தவறவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி பணம் திரும்பக் கிடைக்காது.

ஒரு உதாரணம் பார்ப்போம். கப்பல் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. செக்-இன் மதியம் 12 முதல் 3 வரை. இப்போது பின்னோக்கி எண்ணுங்கள்:

• 3.00 மணி: செக்-இன் முடிகிறது.
• 1.00 மணி: நீங்கள் முனையத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை, ஆவணச் சரிபார்ப்பு, வரிசை எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம் கையிருப்பு.
• 12.00 மணி: விடுதியில் இருந்து கிளம்ப வேண்டும். விடுதி துறைமுகத்துக்குப் பக்கம் என்றாலும் 1 மணி நேரம் ஒதுக்குங்கள்.
• 11.30 மணி: அறையைக் காலி செய்து கணக்கு முடிக்க வேண்டும்.
• வெள்ளிக்கிழமை மாலைக்குள்: சென்னையில் இருக்க வேண்டும்.

கடைசி வரிதான் இந்தக் கட்டுரையின் சாரம். ரயில் 3 மணி நேரம் தாமதமாக வந்தால், முந்தின நாள் வந்தவருக்கு ஒரு மாலை நேரம் போகும். அன்றைக்கே வந்தவருக்குக் கப்பலே போகும். ஒரு இரவு அறை வாடகையை வீண் செலவாக நினைக்காதீர்கள். முழுப் பயணத்துக்கும் அதுதான் காப்பீடு.

பாடம் 2: எங்கே இறங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள்?

உல்லாசக் கப்பல் முனையம் இருக்கும் சென்னைத் துறைமுகம் ராஜாஜி சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையின் எதிர்ப்பக்கம் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம். மண்ணடி, உயர்நீதிமன்றம் ஆகிய மெட்ரோ நிலையங்களும் பக்கத்தில்தான். நீங்கள் வந்து இறங்கும் இடத்தைப் பொறுத்து வழி மாறும்:

• எழும்பூர்: புறநகர் ரயிலில் பூங்கா, கோட்டை, அடுத்தது கடற்கரை. மூன்றே நிறுத்தம்.
• சென்ட்ரல்: மெட்ரோ நீல வழித்தடத்தில் அடுத்த நிலையம் உயர்நீதிமன்றம், அதற்கடுத்து மண்ணடி.
• விமான நிலையம்: அதே நீல வழித்தடம். ரயில் மாறாமல் மண்ணடி வரலாம். ஏறத்தாழ முக்கால் மணி நேரம்.
• கிளாம்பாக்கம் பேருந்து முனையம்: தென் மாவட்டப் பேருந்துகள் இங்கேதான் வருகின்றன. மாநகரப் பேருந்தில் வண்டலூர் அல்லது தாம்பரம் போய், கடற்கரை செல்லும் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். காத்திருப்பும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று ஒருமுறை பாருங்கள். சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் மூன்றும் வேறு வேறு இடங்கள். அழைத்துப் போக வரும் உறவினர் ஒரு நிலையத்தில், நீங்கள் இன்னொரு நிலையத்தில் நிற்கக் கூடாது.

தங்குவதற்கு எழும்பூர், பெரியமேடு, சென்ட்ரல் சுற்றுவட்டாரம் வசதியானது. துறைமுகமும் பக்கம், எல்லா விலையிலும் விடுதிகள் கிடைக்கும். ரயிலில் வருகிறவர்கள் உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு, ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ரயில் நிலைய ஓய்வறைக்கும் முன்பதிவு செய்து பார்க்கலாம்.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி செய்யணுமா?" காலை 9 மணிக்கே காலி செய்யச் சொல்லும் விடுதியில் தங்கினால், பெட்டிகளோடு பாட்டியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டி வரும். காலி செய்த பிறகு பெட்டிகளை வரவேற்பறையில் வைக்க விடுவார்களா என்றும் கேட்டுக்கோங்க.

பாடம் 3: ஆட்டோவில் "ஹார்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

சென்னையில் "ஹார்பர்" என்றால் சிலர் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று எடுத்துக்கொள்வார்கள். வரைபடச் செயலியில் துறைமுகம் என்று தேடினால் எண்ணூர்ப் பக்கம் உள்ள காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வரலாம். அங்கே போய் நின்றால் திரும்பி வரவே மணிக்கணக்காகும்.

அதோடு சென்னைத் துறைமுகத்துக்கே பல வாயில்கள் இருக்கின்றன. சரக்கு லாரிகள் போகும் வாயில் வேறு, பயணிகளை அனுமதிக்கும் வாயில் வேறு. எந்த வாயிலுக்கு வர வேண்டும் என்பது கப்பல் நிறுவனம் அனுப்பும் போர்டிங் தகவலில் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓட்டுநரிடம் காட்டுங்கள். துறைமுகம் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள பகுதி. டிக்கெட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே போக முடியாது. வழியனுப்ப வரும் சொந்தக்காரர்களிடம் விடுதியிலேயே டாட்டா சொல்லிவிடுவது நல்லது.

பாடம் 4: பெயரில் இருக்கும் இனிஷியல்

நம்ம ஊர்ப் பெயர்களுக்கே உள்ள சிக்கல் இது. ஆதாரில் "செல்வி மு", பாஸ்போர்ட்டில் "செல்வி முத்தையா", கப்பல் டிக்கெட்டில் "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டி கணவர் பெயர் சேர்த்து "செல்வி ராமன்". மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் கவுன்டரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

டிக்கெட் போடும்போதே, எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பெயரைப் போடுங்கள். ஏற்கெனவே தவறு நடந்திருந்தால் இன்றைக்கே கப்பல் நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கிளம்பும் நாளில் கேட்டால் நடக்காது.

• உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு மட்டும் போகும் பயணம்: அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றில் நிறுவனம் எதை ஏற்கிறது என்று பாருங்கள்.
• இலங்கை போன்ற வெளிநாட்டுத் துறைமுகம் இருந்தால்: பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை செல்ல குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். முன்கூட்டிய இணையவழிப் பயண அனுமதி தேவையா, அதை யார் எடுக்க வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.
• குழந்தைகள்: ஆதாரோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். 5 வயது தாண்டிய குழந்தைக்கு ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவு புதுப்பிக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.
• கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்: கர்ப்ப வாரத்துக்கும் குழந்தையின் வயதுக்கும் கப்பல் நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் வழங்கிய ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். இருந்தாலும் சார்ஜ் தீர்ந்த போனில் எந்த ஆவணமும் திறக்காது. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டுக்கு அசல் புத்தகம்தான், வேறு வழியே இல்லை.

பாடம் 5: ஊர் சுற்றலாம், ஆனால் கிழமை பார்த்து

சென்னை வந்துவிட்டு சும்மா அறையில் படுத்திருக்க முடியுமா? சுற்றுங்கள். கிளம்பும் முன் இந்தப் பட்டியலை மட்டும் பாருங்கள்:

• எழும்பூர் அரசு அருங்காட்சியகம் (1851-ல் தொடங்கியது): வெள்ளிக்கிழமை விடுமுறை.
• புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்: இதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் 1680-ல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயமும் உண்டு.
• வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா: செவ்வாய்க்கிழமை விடுமுறை.
• விவேகானந்தர் இல்லம்: திங்கட்கிழமை விடுமுறை. அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் இது. கப்பல் ஏறப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.
• மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் உள்ளிட்ட பெரும்பாலான கோயில்கள்: மதியம் நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில் திறப்பார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஜார்ஜ் டவுன் இருக்கிறது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், அரண்மனைக்காரத் தெருப் பக்கம் 1772-ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயம், ராஜாஜி சாலையில் சிவப்பு நிற தலைமை அஞ்சலகம், பர்மா பஜார் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரம்.

துறைமுகம் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் கப்பல் அணையவே முடியாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் ஆட்களும் சரக்கும் போவார்கள். கடல் கொந்தளித்தால் அடங்கும் வரை கரையில் காத்திருக்க வேண்டும். கப்பல் ஏறும் முன் சென்னையில் தங்குவது அந்தக் காலத்துப் பயணிகளுக்கும் பழகிய விஷயம்தான்.

ஒரு மாதிரித் திட்டம்

மதுரையில் இருந்து அப்பா, அம்மா, 10 வயது மகள், பாட்டி என நாலு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே சனிக்கிழமைக் கப்பல்.

வெள்ளி: காலை வைகை எக்ஸ்பிரஸில் கிளம்பினால் மதியத்துக்கு மேல் எழும்பூர். பக்கத்திலேயே அறை. பாட்டிக்கு 2 மணி நேரம் ஓய்வு. வெள்ளிக்கிழமை என்பதால் அருங்காட்சியகம் இல்லை. மாலை 5 மணிக்கு மயிலாப்பூர் கோயில், மாடவீதி, அங்கேயே டிபன். இரவு 8.30-க்கு அறை. தூங்கும் முன் ஆவணங்களை ஒருமுறை சரிபார்ப்பு.

சனி: காலை 6 மணிக்கு மெரினா. வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களுக்குக் கடல் பக்கம் போக அங்கே மரப்பாதை இருக்கிறது. கடலில் இறங்கிக் குளிப்பது மட்டும் வேண்டாம், மெரினாவில் நீரோட்டம் ஆபத்தானது. 8.30-க்கு டிபன். 9.30-க்கு பைகளைப் பிரித்து அடுக்குதல். 11.30-க்கு அறை காலி. 12 மணிக்கு வாடகை வண்டி.

சனிக்கிழமை காலையில் தி.நகர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "ஒரே ஒரு புடவை, அரை மணி நேரம்" என்று போனவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பிய சரித்திரம் உண்டா, சொல்லுங்கள்! ஷாப்பிங் எல்லாம் கப்பலில் இருந்து இறங்கிய பிறகு. ஊர் திரும்பும் ரயிலையும் அதற்கேற்ப இரவு நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கரை சேருவதும், பயணிகள் இறங்குவதும் தாமதமாகலாம்.

பாடம் 6: இரண்டு பை விதி

பெரிய பெட்டி கவுன்டரில் வாங்கப்பட்டு, சோதனை முடிந்து, பல மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு வரும். அதனால் ஆளுக்கொரு கைப்பை கட்டாயம். அதில் இருக்க வேண்டியவை:

• இரண்டு நாளுக்கான மாத்திரை, மருந்து, இன்சுலின், மருத்துவர் சீட்டு
• அடையாள அட்டை, பாஸ்போர்ட், டிக்கெட்டின் அச்சுப் பிரதி
• மூக்குக் கண்ணாடி, போன், சார்ஜர், பவர் பேங்க்
• குழந்தைக்கு ஒரு மாற்றுடை, நகை, பணம்

கத்தி, இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், மதுபானம் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை. வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வரும் புளியோதரைக்கும் தடை இருக்கலாம். அதை ரயிலிலேயே முடித்துவிடுங்கள்!

பாடம் 7: மழையும் போனும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், கப்பல் நேரம் மாறும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் டிஎன் அலர்ட் செயலியையும் பாருங்கள். டிக்கெட்டில் கொடுத்திருக்கும் போன் எண்ணும் மின்னஞ்சலும் நீங்கள் தினமும் பார்ப்பதாக இருக்கட்டும். நேரம் மாறினால் தகவல் அங்கேதான் வரும்.

சென்னைக்குள் பயணிக்க சென்னை ஒன் செயலி உதவும். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே வழி பார்த்து டிக்கெட் எடுக்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு விடியல் பயணம் உண்டு.

கரையை விட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் போன் சிக்னல் போய்விடும். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் கட்டணம் எகிறும். ஏறியதும் ஃபிளைட் மோடு போடுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் "ரெண்டு நாள் போன் வராது, பயப்படாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. "பாதி விலையில் கப்பல் டிக்கெட், இன்றே கடைசி" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்திலோ, நேரில் அலுவலகம் உள்ள முகவரிடமோ மட்டும் பதிவு செய்யுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, ரயில்வே 139, சென்னை மாநகராட்சி 1913, சுற்றுலாப் பயணிகள் உதவி 1363.

வீட்டுப்பாடம்

இன்றைக்கு இரவே ஒரு தாளில் ஐந்து வரிகளை நிரப்புங்கள்.

1. செக்-இன் முடியும் நேரம்: ____
2. முனையத்தில் நான் இருக்க வேண்டிய நேரம்: ____
3. துறைமுக வாயில்: ____
4. விடுதியைக் காலி செய்யும் நேரம்: ____
5. கைப்பையில் மருந்து வைக்கும் பொறுப்பு யாருக்கு: ____

ஐந்தாவது வரியில் ஒருவர் பெயரை எழுதுங்கள். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. எந்தப் பயணம் என்றாலும் சித்தியின் மாத்திரை டப்பா அவர் தோள்பையில்தான் இருக்கும். தாளை நிரப்பிவிட்டீர்களா? அதை ஒரு படம் எடுத்து, கூட வருகிற எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பயணம் இனிதாகட்டும்!